ஆள் அசைவதற்குள் வரைவது எப்படி? கரி, பென்சில், மை மூன்றிலும் மனிதர்களை நேரில் பார்த்து வரைய முழுமையான வழிகாட்டி

புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக முகம் வரைபவர்கள்கூட, எதிரே ஓர் ஆளை உட்கார வைத்தால் திணறிப்போகிறார்கள். தங்களுக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் பிசகுவது வரிசைதான். புகைப்படத்தில் கண்ணிமையில் தொடங்கினாலும் கால் கட்டைவிரலில் தொடங்கினாலும் ஒன்றுதான், படம் எங்கும் ஓடிவிடாது. ஆள் மூச்சு விடுவார், தோள் தளரும், கால் மாற்றிப் போடுவார், பாதியில் எழுந்தே போய்விடுவார்.

ஆகவே கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது: எது முதலில் கலையுமோ, அதை முதலில் வரையுங்கள். உடம்பின் சாய்வு சில நொடிகளில் கலையும். உடையின் மடிப்பு அடுத்த அசைவில் மாறும். மூக்கின் வடிவம் அடுத்த வாரமும் அப்படியேதான் இருக்கும். புதிதாக வருபவர்கள் பத்துக்கு எட்டு பேர் மூக்கில்தான் தொடங்குகிறார்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கரியில் இரண்டு வகை வேண்டும். ஒன்று வில்லோ சார்கோல், அதாவது மெல்லிய கிளைகளைக் காற்றுப் படாமல் சூடாக்கிக் கரியாக்கியது. துணியால் தட்டினாலே பெரும்பகுதி போய்விடும் என்பதால் தேடித்தேடி வரைய ஏற்றது. இன்னொன்று கம்ப்ரெஸ்டு சார்கோல். கரிப்பொடியைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது, அடர்ந்த கறுப்பு தரும், ஆனால் முழுதாக அழியாது. இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே எடுத்தால் திருத்த வழியில்லை.

பென்சிலில் எச்.பி., 2பி, 6பி போதும் (பி-க்கு முன்னால் உள்ள எண் கூடக் கூட ஈயம் மென்மையாகவும் கறுப்பாகவும் இருக்கும்). பன்னிரண்டு பென்சில் கொண்ட பெட்டி வாங்கினால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே ஆள் அசைந்துவிடுவார். முனையை ஷார்ப்னரில் சீவாமல் கத்தியால் நீளமாகச் சீவுங்கள். ஈயம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே தெரிந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து அகலமாகத் தீட்டலாம், நிமிர்த்தினால் மெல்லிய கோடும் கிடைக்கும்.

மைக்கு 0.3, 0.5 அளவில் நிறமி மை கொண்ட ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா) ஒன்றிரண்டு, ஒரு பிரஷ் பேனா. இந்தியன் இங்க் பயன்படுத்துவதானால் தொட்டு எழுதும் நிப்போ தூரிகையோ வேண்டும். அதில் கலந்திருக்கும் அரக்கு காய்ந்து இறுகிவிடும் என்பதால் ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், பேனா அடைத்துக்கொள்ளும்.

தாள் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வழவழப்பான தாளில் கரி ஒட்டாது. துகள்கள் தங்கச் சொரசொரப்பு வேண்டும். பயிற்சிக்கு நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் தாள், தாராளம். நாளாக ஆக மஞ்சளாகும், ஆகட்டும், எடுத்து வைப்பதற்கான படங்கள் இல்லை அவை. மையைத் தண்ணீரில் கரைத்துப் பூசுவதானால் 200 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத தாள் எடுங்கள், மெல்லியது நெளிந்துவிடும். கரிக்கு ஏ3க்குச் சிறிய தாள் வேண்டாம். சிறிய தாளில் விரல்தான் வரையும், தோளிலிருந்து கை ஓடாது.

இவற்றோடு ஒரு பலகை, நான்கு கிளிப், பழைய பருத்தித் துணி, நீடட் ரப்பர். இந்த ரப்பரைக் கையால் பிசைந்து கூராக்கலாம், தட்டையாக்கலாம். தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம் என்பதால் தாளின் சொரசொரப்பு கெடாது.

2. எங்கே உட்கார்வது

ஆளின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி உட்காருங்கள். கிட்டே உட்கார்ந்தால் தலையைப் பார்க்க நிமிரவும் காலைப் பார்க்கக் குனியவும் வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் தெரிவதால் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் வந்து முடியும்.

பலகையை மேசையில் படுக்க வைக்காதீர்கள். படுத்திருக்கும் தாளின் மேல்பகுதி உங்கள் கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்ட உங்களை அறியாமலே நீட்டி வரைவீர்கள். பிறகு படத்தைச் சுவரில் சாய்த்துப் பார்த்தால் தலை நீண்டு போயிருக்கும். பலகையை மடியில் நிறுத்தி, பார்வைக்கு நேர்குத்தாக வரும்படி சாய்த்துக்கொள்ளுங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தி ஆளையும் தாளையும் மாறி மாறிப் பார்க்க முடிந்தால் இடம் சரி. தலை திரும்பும் நேரத்தில் பார்த்தது பாதி மறந்துவிடுகிறது.

விளக்கு ஒன்று போதும். பக்கவாட்டில், சற்று மேலிருந்து. நாலா பக்கமும் வெளிச்சம் இருந்தால் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், எதைப் பிடிப்பதென்றே தெரியாது.

3. முதலில் 30 நொடிப் படங்கள்

ஆள் 30 நொடிக்கு ஒருமுறை நிலை மாற்றட்டும். பத்துப் பதினைந்து படங்கள். பிறகு 1 நிமிடம், 2 நிமிடம், 5 நிமிடம் என்று நீட்டுங்கள். நீண்ட நிலையில் நேராக இறங்குபவர்கள் ஓரங்களை நகலெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 30 நொடியில் அதற்கு நேரமே இல்லை என்பதுதான் இந்தப் பயிற்சியின் பயன்.

இதற்குக் கரிதான் என் தேர்வு. பென்சிலில் தொடங்குவதுதான் வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. கூரிய முனை கையில் இருந்தால் கண் விவரத்தைத் தேடிப் போகும். ஒரு விரற்கடை நீளக் கரித்துண்டைப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணிமையை வரைய நினைத்தாலும் முடியாது. அந்தக் கட்டாயம் நல்லது.

முதல் கோடு தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரே வீச்சில் வர வேண்டும். அது உடம்பின் ஓரமாக இருக்க வேண்டியதில்லை. ஆள் எதை நோக்கிச் சாய்கிறார், எங்கே வளைகிறார் என்பதைச் சொன்னால் போதும். அடுத்து தோள்களின் சாய்வுக்கு ஒரு கோடு, இடுப்பின் சாய்வுக்கு ஒரு கோடு. நேரம் மிஞ்சினால் விலாக்கூட்டுக்கும் இடுப்புக்கும் இரண்டு திரள்கள், அதாவது விவரமில்லாத மொத்த வடிவங்கள். இங்கே ரப்பருக்கு வேலையில்லை, எடுத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

வழக்கமான பிழை: கோடு எப்போதும் நேராக நிமிர்ந்து நிற்பது. உயிருள்ள உடம்பு அநேகமாக அப்படி நிற்பதில்லை. உங்கள் படங்கள் எல்லாம் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் இருந்தால், கண்ணுக்குத் தெரிந்த வளைவைச் சற்றுக் கூட்டியே போடுங்கள். பின்னால் வரும் அளவெடுப்பும் திருத்தமும் எப்படியும் அதைக் குறைத்துவிடும்.

4. எடை எந்தக் காலில் இருக்கிறது?

நிற்பவரை வரையும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரின் இடுப்பு அந்தப் பக்கம் உயரும். உடம்பு விழாமல் இருக்கத் தோள் அதே பக்கம் தாழும். இரண்டு கோடுகளும் எதிரெதிராகச் சாய்வதால் உடம்பின் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் நீளும். சுருங்கிய பக்கத்தில் இடுப்பின் மேல் தோல் மடிவதைக்கூடப் பார்க்கலாம்.

கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டதாக நினையுங்கள். பென்சிலை நுனியில் பிடித்துத் தொங்கவிட்டாலும் சரி. நூல் எடை தாங்கும் பாதத்தின் அருகில் வந்து விழும். உங்கள் படத்தில் அது இரு பாதங்களுக்கும் வெளியே விழுந்தால், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் ஆள் சாய்ந்து விழுவதுபோல்தான் தெரிவார். முகத்தில் கை வைப்பதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

உட்கார்ந்திருப்பவரிடம் எடை மூன்று இடங்களில் இருக்கும்: இருக்கை, முதுகு சாயும் இடம், கை ஊன்றிய இடம். நாற்காலியை முதலில் வரைந்து அதன்மேல் ஆளை வைக்காதீர்கள். ஆளை வரைந்து, உடல் அழுந்தும் இடங்களில் மட்டும் நாற்காலியைக் குறியுங்கள். அழுந்தும் இடத்தில் தொடை தட்டையாகும். அதைத் தட்டையாகவே போட்டால் எடை வந்துவிடும்.

இன்னொன்று. நீண்ட நேரம் உட்காரும் ஆள் முதல் சில நிமிடங்களில் அமிழ்வார். நிமிர்ந்து தொடங்கிய முதுகு தளர்ந்து, தோள் இறங்கி, முகவாய் கொஞ்சம் முன்னே வரும். அதற்குப் பிறகுதான் நிலை நிற்கும். தோளின் உயரத்தை அதுவரை மெல்லிய கோட்டிலேயே விட்டுவையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஓய்வு கொடுங்கள். எழுவதற்கு முன் பாதம், கை ஊன்றிய இடம் இரண்டையும் சாக்பீஸால் தரையிலும் நாற்காலியிலும் குறித்துவைத்தால் திரும்ப வந்து அதே நிலையில் அமர முடியும்.

5. அளவெடுப்பது

தலையிலிருந்து பாதம் வரை போகும் அந்த முதல் வீச்சு தாளில் விழுந்த பிறகுதான் அளவு. முன்னால் அளந்தால் உருவம் விறைத்துப்போகும். அளக்காமலே விட்டால் கால் தாளுக்கு வெளியே போகும்.

கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். பென்சில் நுனி உச்சந்தலையிலும் கட்டைவிரல் முகவாயிலும் இருக்கட்டும். அந்த ஒரு தலை அளவு உடம்பில் எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் ஒவ்வொரு முறையும் வேறு அளவு வரும். பென்சில் ஆளை நோக்கிச் சாய்ந்தாலும் கணக்கு கெடும்.

நிற்கும் பெரியவர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் இருப்பார். ஒரு வயதுக் குழந்தை நான்கு தலை. உயரத்தின் நடுப்புள்ளி இடுப்புப் பட்டியில் இல்லை, அதற்குக் கீழே கால்கள் பிரியும் இடத்தை ஒட்டி வரும். பலர் பட்டியை நடுவாக வைத்துவிட்டுக் கால் குட்டையாகிவிட்டதே என்று விழிப்பது இதனால்தான். இந்த எண்கள் எல்லாம் சரிபார்க்க மட்டும். எதிரே இருப்பவர் குனிந்தாலோ காலை உங்கள் பக்கம் நீட்டினாலோ ஒன்றும் பொருந்தாது. நீட்டிய தொடை ஒரு தலை நீளம்கூட இல்லாமல் தெரியலாம், மனம் ‘தொடை நீளமானது’ என்று அடம்பிடிக்கும். மனத்தை நம்பாதீர்கள், பென்சிலை நம்புங்கள்.

அளப்பதைவிட வேகமான வழி, இடைவெளியைப் பார்ப்பது. இடுப்பில் கை வைத்திருப்பவரின் கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு முக்கோணம் தெரியும். கையை மறந்து அந்த முக்கோணத்தை வரையுங்கள். கை எப்படி இருக்கும் என்று மனத்துக்கு முன்முடிவு உண்டு, முக்கோணத்தைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

6. கரியில் நிழலைத் திரளாகப் போடுவது

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து வெளிச்சம், நிழல் என்று இரண்டே பகுதிகள் மிஞ்சும். அந்த எல்லையை மெல்லக் குறித்து, நிழல் பகுதி முழுவதையும் கரியின் பக்கவாட்டால் ஒரே சாயலில், அதாவது ஒரே அளவு கறுப்பில், நிரப்புங்கள். கண்குழி, மூக்கின் அடி, முகவாயின் கீழ், கழுத்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் சேரட்டும். அதன் பிறகு துணியால் லேசாகத் தட்டுங்கள்.

விரலால் தேய்க்கவே வேண்டாம். தோலின் எண்ணெய் தாளில் இறங்கினால் அந்த இடத்தில் கரி திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ரப்பருக்கும் அழியாது. தவிர, எல்லாவற்றையும் தேய்த்து மழுப்பினால் உருவம் புகைமூட்டமாகிவிடும். எலும்பு தோலை ஒட்டி வரும் இடங்களில் ஓரம் கூர்மையாகவும், கன்னம், வயிறுபோன்ற சதைப்பகுதிகளில் மென்மையாகவும் இருக்கட்டும்.

அடுத்து, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பை ஒட்டிய பகுதியை இன்னும் கறுப்பாக்குங்கள். நிழலுக்குள் பிரதிபலிக்கும் வெளிச்சம் அந்த விளிம்பைவிட வெளிறியிருப்பதால்தான் உருண்டை தெரிகிறது. ஆனால் அந்தப் பிரதிபலிப்பு ஒருபோதும் வெளிச்சப் பகுதி அளவுக்குப் போகக் கூடாது. தாடையின் அடியில் வெள்ளைக்கோடு போட்டதுபோல் தெரிகிறதா? கண்ணைச் சுருக்கி மறுபடி பாருங்கள், அது நீங்கள் நினைத்ததில் பாதிகூட வெளிச்சமாக இருக்காது.

வெளிச்சத்தை நீடட் ரப்பரால் ஒற்றி எடுங்கள். கடைசியாகக் கம்ப்ரெஸ்டு சார்கோலால் நாலைந்து இடங்களில் மட்டும் கறுப்பு: மூக்குத் துவாரம், உதடுகள் சேரும் கோடு, காலருக்குள், அக்குள். அதற்கு மேல் போனால் அத்தனையும் போட்டிபோடும்.

7. பென்சிலில் என்ன மாறும்

கரியில் திரளிலிருந்து கோட்டுக்கு வந்தோம். பென்சிலில் கோட்டிலிருந்து திரளுக்குப் போகிறோம். எச்.பி.யில் இடம் தேடிப் போடும் தேடுகோடுகள், 2பி.யில் முடிவான கோடுகள், 6பி.யில் நிழல். தேடுகோடுகளை அழிக்காமல் சரியான கோட்டை மேலே அழுத்திப் போடுங்கள். தவறான கோடு அங்கேயே இருந்தால்தான் எவ்வளவு விலக வேண்டும் என்பது தெரியும். அழித்துவிட்டால் கை திரும்பவும் அதே இடத்தில்தான் போடும்.

குட்டிக்குட்டியாக முடிபோல் பிசிறிய கோடுகள் பயத்தின் அடையாளம். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று பார்த்து, முடியும் புள்ளியில் கண்ணை வைத்து ஒரே இழுப்பில் இழுங்கள்.

பென்சிலையும் கரியையும் ஒரே படத்தில் கலக்க நினைப்பவர்களுக்கு: பென்சிலால் அழுத்தித் தீட்டிய இடம் வழுக்கும், மேலே கரி பிடிக்காது. கறுப்பு வேண்டிய இடத்தில் முதலிலேயே கரியைப் போடுங்கள்.

8. மையில்

மை கடைசியில் வருவதற்குக் காரணம் கஷ்டம் இல்லை. மையில் தேட முடியாது, முடிவு செய்ததைத்தான் போட முடியும். முதல் சில வாரங்களுக்கு மங்கிய பென்சிலில் சாய்வுக்கோட்டையும் தலை, தோள், இடுப்பு, பாதம் ஆகிய இடங்களையும் மட்டும் குறித்துக்கொண்டு மையில் இறங்கலாம். முழு ஓரத்தையும் பென்சிலில் போட்டுவிட்டு மேலே மையை ஓட்டினால் வருவது வெறும் பிரதி, கோட்டில் உயிர் இருக்காது.

ஒரே தடிமனில் உருவத்தைச் சுற்றிக் கம்பிபோல் கட்டுவதுதான் மையில் நான் அதிகம் பார்க்கும் பிழை. நிழல் பக்கமும் எடை தாங்கும் இடமும் தடித்த கோடு. வெளிச்சம் விழும் தோள், நெற்றி, முழங்காலில் கோடு மெலியட்டும், அறுந்தும் போகட்டும். விட்ட இடத்தைப் பார்ப்பவர் கண்ணே சேர்த்துக்கொள்ளும்.

கோடு தவறிவிட்டதா? அதைத் தடிப்பாக்கி மறைக்காதீர்கள், கண் நேராக அங்கேதான் போகும். பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். இரண்டு கோடுகளில் சரியானதைக் கண் தேர்ந்துகொள்ளும்.

நிழலுக்கு இணைகோடுகள் போடும்போது உருவத்தைச் சுற்றிப் போகும் திசையில் போடுங்கள். முன்கையில் வளையல் ஓடும் திசையில் கோடுகள் வளைந்தால் கை உருண்டு வரும், நீளவாக்கில் போட்டால் தட்டையாகும். குறுக்குக்கோடுகளுக்கு முன் முதல் அடுக்கு காயட்டும், இல்லாவிட்டால் தாள் பிய்ந்து மை கசியும். இடக்கையர்கள் வலமிருந்து இடமாக நகர்ந்தால் ஈர மையில் கை படாது.

நேரமே இல்லாத இடத்தில் தண்ணீரில் கரையும் மைப்பேனாவால் கோட்டைப் போட்டு, ஈரத் தூரிகையால் நிழல் பக்கத்தை மட்டும் தொட்டுவிடுங்கள். கோடே கரைந்து நிழலாகும்.

9. தலை, கை, பாதம்

தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு குனிந்திருக்கிறது என்பதைக் கண், மூக்கு வருவதற்கு முன்பே முட்டை வடிவத்தின் மேல் இரண்டு வளைகோடுகளால் சொல்லிவிட வேண்டும். நிமிர்ந்த தலையில் கண்கள் சரிபாதி உயரத்தில் இருக்கும். புதியவர்கள் மேலே வைத்துவிடுவார்கள், மண்டை காணாமல் போகும். தலை குனிந்தால் காது கண்ணைவிட மேலே ஏறும், அண்ணாந்தால் கீழே இறங்கும். காதின் இடம் சரியாக விழுந்தால் சாய்வில் பாதி வேலை முடிந்தது.

கையில் விரல்களைப் பிரிக்காதீர்கள். உள்ளங்கை ஒரு பலகை, நான்கு விரலும் சேர்ந்து ஒரு பட்டை, கட்டைவிரல் தனி. பட்டை மடியும் இடங்களைக் குறித்த பிறகு விரல்களுக்கு இரண்டு மூன்று கோடுகள். கைபேசியைப் பிடித்திருப்பவரைக் கவனியுங்கள்: சுண்டுவிரல் அடியில் முட்டுக்கொடுக்கும், மற்ற மூன்றும் பின்னால் மறைந்திருக்கும், கட்டைவிரலின் முட்டிதான் எல்லாவற்றிலும் முன்னே நிற்கும். அந்த முட்டியும் சுண்டுவிரலும் சரியாக விழுந்தால் மற்ற மூன்றையும் வரையாமலே விடலாம். கையின் நீளம் முகவாயிலிருந்து தலைமுடி தொடங்கும் இடம் வரை இருக்கும். சிறிதாக வரைவதுதான் பரவலான பிழை.

பாதத்தைப் பக்கவாட்டில் ஆப்பு வடிவமாகப் போடுங்கள். கணுக்காலில் உட்புற எலும்பு வெளிப்புறத்தைவிட உயரத்தில் இருக்கும். இந்த ஒரு சாய்வு போதும், பாதம் தரையில் நிற்கும்.

10. உடை

எல்லா மடிப்பையும் வரையாதீர்கள். துணி எங்கிருந்து தொங்குகிறது, எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். தோள், முழங்கை, முழங்கால், இடுப்பு ஆகிய இழுப்புப் புள்ளிகளிலிருந்து கிளம்பும் மடிப்புகள் மட்டும் போதும். மற்றவை அலங்காரம்.

11. சும்மா இருக்காத ஆட்களை வரைவது

மாடல் இல்லாமல் வெளியே வரைவதானால் காத்திருப்பவர்களைத் தேடுங்கள்: வாசிப்பவர், தூங்குபவர், வரிசையில் நிற்பவர். ஏ5 நோட்டும் பேனாவும் போதும், கரி வேண்டாம்.

ஆள் நகர்ந்ததும் படத்தைக் கைவிடாதீர்கள், நகர்ந்த புதிய நிலையைப் பழைய படத்தில் திணிக்கவும் வேண்டாம். அதே பக்கத்தில் அடுத்த படத்தைத் தொடங்குங்கள். மனிதர்கள் இரண்டு மூன்று நிலைகளுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருவார்கள். கால்மேல் கால் போட்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போடுவார், அப்போது முதல் படத்துக்குத் திரும்பலாம். ஒரே பக்கத்தில் மூன்று அரைகுறைப் படங்கள் ஒன்றாக வளரும். திரும்பி வராவிட்டால் சாய்வு மட்டும் மிஞ்சும், அதுவும் படம்தான்.

எதிரே உட்கார்ந்து முறைத்துப் பார்த்தால் யாருக்கும் கூசும். பக்கவாட்டிலோ முக்கால் பின்புறத்திலோ இடம் பிடியுங்கள். கவனித்துவிட்டால் நோட்டை மூடி ஒளிக்காமல் காட்டுங்கள், பெரும்பாலோர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள். குழந்தைகளை வரையப் பெற்றோரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

12. படத்தைக் காப்பது

கரிப்படத்தின் மேல் உள்ளங்கை படுவதற்கு முன் ஃபிக்ஸட்டிவ், அதாவது கரி உதிராமல் தாளில் பிடித்து வைக்கும் ஸ்ப்ரே, அடியுங்கள். திறந்த வெளியில், 30 சென்டிமீட்டர் தள்ளி, தாளுக்கு வெளியே பீய்ச்சத் தொடங்கிக் குறுக்கே கொண்டுபோய் மறுபக்கம் வெளியே முடியுங்கள். தாளின் மேலேயே தொடங்கினால் முதல் துளிகள் சொட்டாக விழும். ஒரே தடவையில் நனைக்காமல் மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. வெளிறிய சாயல்கள் சற்றுக் கறுக்கும் என்பதால், அடிப்பதற்கு முன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஒற்றி வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மாற்றாகப் பயன்படுத்துவோர் உண்டு, அது நாளடைவில் மஞ்சளாகும்.

படங்களுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்துப் படுக்கவைத்து அடுக்குங்கள். பென்சில் படங்களுக்கும் இது தேவை, 6பி மறுபக்கத் தாளில் ஒட்டிக்கொள்ளும். மைப்படம் காய்ந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.